நீலத் தொப்பிக்குள் யாருடைய கண்? அமைதிகாப்புச் சிறப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஐக்கிய நாடுகள் அமைதிகாப்பு நடவடிக்கைகளுக்கான சிறப்புக் குழுவின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

நான் யாழ்ப்பாணத்தில் கொக்குவில் கிழக்கில் பிறந்தவள். வரலாறு படிப்பிக்கிறேன். படைத்துறை பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது, துவக்கு ஒன்றைக் கையால் தொட்டதும் இல்லை. ஆனால் அமைதிப்படை என்ற பெயரில் ஒரு படை ஊருக்குள் வந்தால் சனம் எதைக் கவனிக்கும், எதை மறக்காது என்பது தெரியும். 1965இலிருந்து நீங்கள் இருக்கிறீர்கள். ஆண்டுதோறும் நியூயோர்க்கில் கூடி, சொல்லுக்குச் சொல் பேரம் பேசி ஓர் அறிக்கை எழுதுகிறீர்கள். அந்தப் பேரத்தில் நெடுங்காலமாக இழுபடும் ஒரு சொல்லைப் பற்றித்தான் எழுத வந்தேன். நீங்கள் அதற்கு நாகரிகமான பெயர்கள் வைத்திருக்கிறீர்கள். எங்கள் ஊரில் அதற்கு ஒரே பெயர்: வேவு.

1987இல் எங்கள் வானத்தில் இரண்டு காரியம் நடந்தது. முதலாவது ஜூன் 4ஆம் திகதி பின்னேரம். பெங்களூரிலிருந்து புறப்பட்ட அன்ரனோவ் சரக்கு விமானங்கள், மிராஜ் போர்விமானங்கள் காவலுக்கு வர, 25 தொன் உணவுப் பொருளைக் குடாநாட்டின் மேல் பரசூட்டில் போட்டன. தூரத்தில் பனைகளுக்கு மேலே குடை குடையாக இறங்கியதை நான் பார்த்தேன். கொழும்பில் அதைப் 'பருப்புப் போட்ட கதை' என்று கேலி செய்தார்கள். எங்கள் வீட்டில் அப்பாச்சி வானத்தைப் பார்த்துக் கைகூப்பினா.

ஜூலை 29இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி, மறுநாளே இந்திய அமைதிகாக்கும் படை வந்து இறங்கியது. ஓகஸ்ட் முழுக்க அவர்கள் எங்கள் ஒழுங்கையால் நடந்து போவார்கள். ஒருநாள் ஒருவர் படலையைத் தட்டித் தண்ணீர் கேட்டார். பேசியது தமிழ்தான், மதுரைப் பக்கத்துத் தமிழ். அம்மா செம்பில் கொடுத்தா. அண்ணாந்து குடித்துவிட்டு, கிணறு எவ்வளவு ஆழம், பின்வேலிக்கு அங்கால் யாருடைய காணி, இந்த ஒழுங்கை எங்கே போய் ஏறும் என்றெல்லாம் கேட்டார். ஊருக்குப் புதிதாக வந்த எவரும் கேட்கக்கூடியவை. அம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னா. வேலிப் பொட்டுக்குள்ளால் போனால் தண்டவாளத்துக்குக் குறுக்குவழி என்பதையும் சேர்த்து.

இரண்டாவது காரியம் ஒக்டோபர் 11 இரவு. பலாலியிலிருந்து எம்ஐ-8 ஹெலிகொப்டர்களில் 10ஆவது பரா கொமாண்டோ அணியினர் நூறு பேரளவில் பல்கலைக்கழக மைதானத்தில் இறங்கினார்கள். நெஞ்சில் பரசூட் சின்னம் குத்திய படை அது. அன்று அவர்களுக்குப் பரசூட் தேவைப்படவில்லை. கூடவே சீக்கிய இலகு காலாட்படையின் 13ஆவது அணியிலிருந்து முப்பது பேர். புலிகளின் தலைமை கொக்குவிலில் ஒரு வீட்டில் இருக்கிறது என்று கிடைத்த தகவலை நம்பி, இருட்டில் போய்ப் பிடித்துவிடலாம் என்பது திட்டம். ஆனால் அவர்களுடைய வானொலிப் பேச்சைப் புலிகள் ஏற்கெனவே ஒட்டுக்கேட்டிருந்தார்கள். வேவு பார்த்தவர்களையே வேவு பார்த்திருக்கிறார்கள். சீக்கிய அணியின் முப்பது பேரில் உயிரோடு மிஞ்சியவர் ஒருவர், அவரும் கைதியாகத்தான். கொமாண்டோக்கள் பிரம்படிப் பக்கத்து வீடுகளுக்குள் ஒதுங்கினார்கள். அவர்களை மீட்க வந்த தாங்கிகள் தண்டவாளத்தின் வழியாக வந்தன. பிரம்படி ஒழுங்கையில் நாற்பதுக்கு மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். இன்றும் ஒவ்வோர் ஒக்டோபரும் அங்கே விளக்கேற்றுகிறார்கள்.

நாங்கள் அப்போது நல்லூரில் உறவினர் வீட்டில் இருந்தபடியால் தப்பினோம். திரும்பி வந்த பிறகு அம்மா ஒரே ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தா: "தண்ணி குடிக்க வந்தவனோ, வழி பாக்க வந்தவனோ, ஆருக்குத் தெரியும்?" தண்டவாளம் எந்த வரைபடத்திலும் இருக்கும், நீ சொல்லித்தான் அவர்களுக்குத் தெரியவேண்டும் என்றில்லை என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்த மதுரைப் பையனுக்கு உண்மையிலேயே தாகமாக இருந்திருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருந்திருக்கும். அம்மா கேட்கவேயில்லை. அதற்குப் பிறகு அந்நியர் யார் வந்து என்ன கேட்டாலும் "தெரியாது தம்பி" என்பதுதான் அவவின் பதில்.

அது ஐ.நா. படையல்ல, இரு நாடுகளின் ஒப்பந்தப்படி வந்த படை என்று நீங்கள் சொல்வீர்கள். சரி, உங்கள் கணக்குப் புத்தகத்திலேயே ஒரு பக்கத்தைப் புரட்டுகிறேன்.

பொஸ்னியா, 1994 ஏப்ரல். திரினா ஆற்றங்கரையில் கொராஷ்டே என்ற பட்டணம். பாதுகாப்பு வலயம் என்று பாதுகாப்புச் சபை அறிவித்திருந்த ஊர். பொஸ்னியச் செர்பியப் படை சுற்றி நின்று நெருக்கிக்கொண்டிருந்தது. பொஸ்னியாவில் ஐ.நா. படைக்குத் தலைமை தாங்கியவர் பிரித்தானிய ஜெனரல் மைக்கல் ரோஸ். அவர் ஒருகாலத்தில் எஸ்.ஏ.எஸ். என்ற பிரித்தானியச் சிறப்புப் படைக்கே கட்டளையிட்டவர். பரசூட்டில் குதித்து எதிரியின் பின்புறம் போய்ப் படுத்திருந்து பார்த்துச் சொல்வதற்கென்றே பழக்கப்பட்ட படை அது. கொராஷ்டேக்குள் என்ன நடக்கிறது என்று அறிய அந்தப் படையிலிருந்து ஒரு சிறு குழுவை அனுப்பினார். வெளியே தெரிந்த பெயர் தொடர்பதிகாரிகள். அதே வகைக் குழுக்களுக்குப் பிறகு 'இணை ஆணையக் கண்காணிப்பாளர்கள்' என்று பெயர் மாறியது. அதே பட்டணத்தில் உண்மையான ஐ.நா. இராணுவக் கண்காணிப்பாளர்களும் இருந்தார்கள், கையில் ஆயுதம் இல்லாமல். இரண்டு வகையாரையும் பார்த்து இவர் வேறு, அவர் வேறு என்று பிரித்தறிய அந்த ஊர்ச்சனத்தால் முடிந்திருக்குமா? மலையில் நின்ற செர்பியப் படையாளால் முடிந்திருக்குமா?

ஏப்ரல் 10ஆம் திகதியும் 11ஆம் திகதியும் நேட்டோ விமானங்கள் குண்டு போட்டன. நேட்டோவின் வரலாற்றிலேயே தரை இலக்குகள் மீதான முதல் தாக்குதல் அது. கீழே இருந்து இலக்குக் காட்டியவர்கள் அந்தத் 'தொடர்பதிகாரிகள்'. செர்பியர்கள் அதற்குப் பதிலாக ஐ.நா. ஆட்களை நூற்றுக்கு மேல் பிடித்தும் மறித்தும் வைத்தார்கள். 15ஆம் திகதி அவதானிப்பு நிலை ஒன்றின் மேல் சூடு விழுந்து அந்தக் குழுவில் ஒருவர் இறந்தார். மறுநாள் ஒரு பிரித்தானிய சீ ஹரியர் சுட்டு வீழ்த்தப்பட, விமானி பரசூட்டில் இறங்கி இவர்களோடு சேர்ந்துகொண்டார். பிறகு ஓர் இரவில் எல்லோருமாக எதிரியின் நிலைகளை ஊடறுத்து நடந்து போய், காத்திருந்த ஹெலிகொப்டரில் ஏறிவிட்டார்கள்.

அவர்கள் துணிச்சலானவர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் கவனம் போவது அங்கேயே நின்றுவிட்டவர்களிடம். அகதிகள் ஆணையத்தின் ஊழியர்கள், ஆஸ்பத்திரியில் இருந்த மருத்துவர்கள், ஆயுதமில்லாத கண்காணிப்பாளர்கள். வேவுக்காரர் போய்விட்டார், அவர் அணிந்திருந்த அடையாளம் மட்டும் இவர்களுடைய உடம்பில் மிச்சம். அடுத்த ஆண்டு மே மாதம் இன்னொரு விமானத் தாக்குதலுக்குப் பிறகு ஐ.நா. கண்காணிப்பாளர்களைப் பொஸ்னியச் செர்பியரின் தலைமையிடமான பாலே பக்கத்தில் கம்பங்களில் கட்டிவைத்த படங்களை உலகமே பார்த்தது. அதற்கு வேவுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. குண்டுதான் காரணம். ஆனால் 'கண்காணிப்பாளர்' என்ற சொல் இலக்குக் காட்டுபவரையும் குறிக்கும் என்று அதற்கு முந்திய ஆண்டே அங்கே எல்லோருக்கும் தெரிந்துபோயிருந்தது.

கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள் என்று கேட்பதாக நினைக்கவேண்டாம். 1994 ஜனவரி 11ஆம் திகதி ருவாண்டாவிலிருந்து, அங்கே ஐ.நா. படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் ரொமியோ டலேர் அனுப்பிய தந்தி என் வகுப்பில் ஆண்டுதோறும் வரும் பாடம். ஆயுதக் கிடங்குகள் எங்கே இருக்கின்றன என்று உள்ளிருந்தே ஒருவர் தகவல் கொடுத்தார், தனக்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்புக் கேட்டார். கிடங்குகளைச் சோதிக்கத் தலைமையகம் அனுமதிக்கவில்லை. மூன்று மாதத்துக்குள் தொடங்கிய இனப்படுகொலையைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அங்கே தவறியது கண்ணல்ல, கை.

1960களில் கொங்கோவுக்குப் போன ஐ.நா. படையிலும் இந்தக் குழப்பம் இருந்தது. அன்றைய ஐ.நா. பொதுச்செயலாளர் டாக் ஹமர்ஷோல்ட் உளவு நிறுவனம் ஒன்று வைத்துக்கொள்ள மறுத்தார். மறுத்தபடியே, அந்தப் படைக்குள் 'இராணுவத் தகவல் பிரிவு' என்ற பெயரில் ஒன்று இயங்கிற்று. பிரிந்துபோக நின்ற கட்டங்கா மாகாணத்தாரின் வானொலியை ஒட்டுக்கேட்டது, கைதிகளை விசாரித்தது. 'உளவு' என்று எழுதக் கூச்சம், செய்வதற்குக் கூச்சமில்லை. 2000இல் ஐ.நா. அமைதிகாப்பை ஆராய்ந்த லக்தர் பிராஹிமி குழு தலைமையகத்தில் ஒரு பகுப்பாய்வுச் செயலகம் வேண்டும் என்று எழுதியபோது நாடுகள் அதையும் வேண்டாம் என்றுவிட்டன. எங்களைத்தான் வேவு பார்ப்பார்கள் என்ற பயம். அந்தப் பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை.

பிறகு 2017 மே மாதம் ஒரு கொள்கை வந்தது, 2019இல் அது திருத்தப்பட்டது. 'அமைதிகாப்பு' என்ற சொல்லையும் 'உளவு' என்ற சொல்லையும் ஒரு சிறு கோடு போட்டு இணைத்துக்கொண்டீர்கள், வெறும் உளவு என்று யாரும் நினைத்துவிடக்கூடாது என்பதற்காக. (ஒரு கோட்டுக்கு இவ்வளவு பாரம் சுமக்க முடியுமா என்று தமிழ் இலக்கணம் படிப்பிக்கும் என் தோழி கேட்டாள்.) அந்தக் கொள்கையில் நான் மனமார ஒத்துக்கொள்ளும் ஒரு விதி இருக்கிறது: ஒளித்து மறைத்துச் செய்யும் தகவல் திரட்டல் உங்கள் பணியின் எல்லைக்கு வெளியே. தெளிவான விதி. அது எந்த இடத்தில் ஓட்டையாகிறது என்பதைத்தான் காட்ட வருகிறேன்.

மாலிக்குப் போவோம். அங்கே 2013 ஏப்ரலில் அமைக்கப்பட்ட ஐ.நா. அமைதிப்பணிக்கு 2014இல் நெதர்லாந்து ஒரு தகவல் பிரிவைக் கொண்டுவந்தது. அதன் கொமாண்டோக்கள் வடக்கிலுள்ள காவோ நகரிலிருந்து பாலைவனத்துக்குள் நெடுந்தூரம் போய் வேவு பார்த்தார்கள். சிறிய ஆளில்லா விமானங்கள் பறந்தன. அடுத்த ஆண்டு திம்புக்துவில் சுவீடன்காரர் சேர்ந்தார்கள், பின்னர் ஜேர்மனியர் பெரிய ஆளில்லா விமானங்களோடு வந்தார்கள். ஐ.நா. இதுவரை கண்ட அமைதிப்பணிகளிலேயே கண்பார்வை கூடிய பணி அதுவாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கண் பார்த்தது மூடிய கணினி வலையமைப்புகளுக்குள் போயிற்று. ஆபிரிக்கப் படைப்பிரிவுகளுக்கு அதில் நுழைய அனுமதி இல்லை. கண்ணிவெடியில் அதிகம் செத்தவர்கள் அவர்கள்தான். ஐரோப்பியப் பிரிவுகள் தங்கள் தலைநகரங்களோடு பேசத் தனி வழிகள் வைத்திருந்தன. பக்கத்திலேயே பிரான்சின் படை பயங்கரவாத எதிர்ப்பு யுத்தம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தது. காவோச் சந்தையில் தக்காளி விற்கும் பெண் தன்னிடம் பேச்சுக் கொடுத்த ஐ.நா.வின் நீலத் தொப்பிக்காரரைப் பார்த்து, இவர் கேட்பது மாலித் தலைநகர் பாமாக்கோவில் இருக்கும் பணித் தலைமைக்கா, நெதர்லாந்தின் ஹேக் நகருக்கா, பக்கத்து முகாமில் நின்ற பிரெஞ்சுப் படைக்கா என்று எப்படி அறிந்திருப்பாள்? என் அம்மாவின் கேள்விதான் அதுவும்.

2019 ஜனவரியில் மாலியில் டுவென்சாப் பக்கம் வாகனத் தொடரோடு போன இலங்கைப் படையினர் இருவர் வெடியில் சிக்கி இறந்தார்கள். அந்தச் சீருடையோடு எங்களுக்கு வேறு கணக்குகள் உண்டு, அது வேறொரு மடல். இருந்தாலும் அந்தச் செய்தியை வாசித்தபோது, பருப்பும் தண்ணீரும் ஏற்றிப்போகும் லொறிக்குக் காவல் போகிற பையனுக்கு எந்த மதகுக்குக் கீழே வெடி இருக்கிறது என்று சொல்லப் பயன்படாத வேவு யாருக்கு என்று நினைத்தேன். முழுப் பணியிலும் 300க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

2022 ஜூலையில் பாமாக்கோ விமான நிலையத்தில் ஐவரிகோஸ்ட் படையினர் 49 பேர் இறங்கினார்கள். ஐ.நா. பணிக்கு ஆதரவாக வந்தவர்கள் என்றது அவர்களுடைய நாடு. கூலிப்படை என்றது மாலி அரசு. பத்திரங்கள் குழம்பிக் கிடந்தன. கடைசி ஆள் வீடு திரும்பியது அடுத்த ஜனவரியில். மாலியின் ஆட்சியாளர்கள் யோக்கியர்கள் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் யார் ஐ.நா., யார் தேசியம், யார் இரண்டும் என்று உங்களுக்கே ஒரு பக்கத்தில் எழுதிக் காட்ட முடியாத நிலை இருந்தால், பொய் சொல்ல நினைப்பவருக்கு வேலை சுலபம். 2023 ஜூனில் மாலி உங்களை உடனே வெளியேறச் சொன்னது. டிசம்பர் முடிவதற்குள் போய்விட்டீர்கள்.

ஆக, உங்கள் 2017 விதி பணியின் கையைக் கட்டுகிறது. பணிக்குள் இருக்கும் தேசியப் படையின் கையை யாரும் கட்டவில்லை. பரசூட் சின்னம் குத்திய குழு ஒன்று நீலத் தொப்பியோடு வருகிறது. காலையில் பணிக்கு அறிக்கை கொடுக்கிறது. இரவில் தன் தலைநகருக்கும் ஒன்று போகிறது. முதலாவதற்கு விதி உண்டு. இரண்டாவதைப் பற்றி உங்கள் அறிக்கையில் ஒரு வரியைத் தேடினேன், கண்ணில் படவில்லை.

வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. சியரா லியோனில் 2000 மே மாதம் கிளர்ச்சிப்படை ஐ.நா. படையினரை 500 பேரளவில் பிடித்து வைத்திருந்த நேரம். பிரித்தானியப் பரசூட் படைக்கு முன்னால் குதித்து இடம் பார்க்கும் சிறு அணி ஒன்று, முப்பது பேர்கூட இல்லை, லுங்கி லோல் என்ற கிராமத்தில் போய் இருந்தது. ஐ.நா.வின் அணி அல்ல, பிரித்தானியா நேரே அனுப்பியது. வேவுக்கென்றே பழகியவர்கள். ஆனால் அவர்கள் காட்டுக்குள் ஒளிக்கவில்லை, ஊரோடு இருந்தார்கள். யார் வருகிறார்கள், எதற்கு நிற்கிறோம் என்று ஊருக்குச் சொன்னார்கள். ஊர்ச்சனம் மூங்கிலைச் சீவிக் கூராக்கிக் கொடுத்தது, குழி வெட்டவும் உதவியது. மே 17ஆம் திகதி தாக்குதல் வந்தபோது அந்தக் கிராமம் நின்றது. அங்கே வேவு பார்த்தது படை மட்டுமல்ல, ஊரும்தான். இதை நான் அழகாக்கிச் சொல்ல விரும்பவில்லை. அதுவும் துவக்கோடு வந்த வெளிநாட்டுப் படைதான். ஆனாலும் அந்தக் கிராமத்தில் யாரும் பிறகு "தண்ணி குடிக்க வந்தவனோ" என்று கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த அமர்வில் எழுதும் அறிக்கையில், படையனுப்பும் நாடு எதுவும் பணியில் இருக்கும்போது திரட்டுகிற தகவல் பணியின் கட்டளைத் தலைமைக்கு ஊடாக மட்டுமே போகவேண்டும் என்று எழுதுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத நாடுகள் இருக்கும், பெயர் சொல்லத் தேவையில்லை, அவர்கள் உங்களுக்குப் பக்கத்துக் கதிரையில்தான் இருக்கிறார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்தச் சிறப்புப் படை நீலத் தொப்பி இல்லாமல் தன் சொந்தத் தொப்பியோடு வரட்டும். ஊருக்கு ஆளை அடையாளம் தெரியும். திரட்டிய தகவலில் உயிராபத்து என்று தெரிந்தது எதுவோ, அது லொறிக்குக் காவல் போகும் கடைசிப் பையனுக்கும், அந்த வழியால் சந்தைக்குப் போகும் சனத்துக்கும் எத்தனை மணித்தியாலத்தில் போய்ச் சேர்ந்தது என்று கணக்கு எழுதி வையுங்கள்.

இன்னொன்று. மனிதரிடமிருந்து தகவல் பெறுவது பற்றித் தனி வழிகாட்டியே வைத்திருக்கிறீர்கள். அதை எழுதியவர்கள் கவனமானவர்கள்தான். பணி ஆறு மாதத்தில் மூட்டை கட்டும்போது, தகவல் சொன்ன மனிதருக்கு என்ன? முகாமை ஒப்படைக்கப் பட்டியல் இருக்கும், வாகனங்களுக்குப் பட்டியல் இருக்கும், மின்பிறப்பாக்கிக்கும் இருக்கும். காவோவிலும் திம்புக்துவிலும் உங்களுக்கு மொழிபெயர்த்தவர், வழி சொன்னவர், செம்பில் தண்ணீர் கொடுத்தவர், இவர்களுக்காக எந்த அலுவலர் எந்தத் தொலைபேசி எண்ணில் இன்றைக்கும் பதில் சொல்கிறார்? அந்த எண் ஒன்று இருந்தால் எனக்கு எழுதுங்கள். இல்லாவிட்டால் அதையாவது அடுத்த அமர்வின் நிகழ்ச்சி நிரலில் போடுங்கள்.

இந்த மடலின் பிரதிகளை இந்தியாவின், இலங்கையின் நிரந்தரப் பிரதிநிதிகளுக்கும் அனுப்புகிறேன். இரண்டு நாடுகளும் உங்கள் குழுவில் இருக்கின்றன. 1987 ஒக்டோபர் எப்படியிருந்தது என்று உங்களுக்கு யாரும் விளக்கவேண்டுமானால் அவர்களையே கேட்கலாம், என்னையும் கேட்கலாம். பதில் தமிழில்தான் வரவேண்டும் என்றில்லை. உங்கள் ஆறு மொழிகளில் எதில் வந்தாலும் ஆளைப் பிடித்து வாசித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
கொக்குவில் கிழக்கில் பிறந்த ஒரு வரலாற்று ஆசிரியை